ஆப்பா, திருகா, ஊசியா: டைல்ஸ் லெவலிங் கிளிப் வாங்கும் முன்

மதுரைப் பக்கம் 17 வருஷமாக டைல்ஸ், கிரானைட் போடும் வேலையை எடுத்துச் செய்கிறேன். ஒன்றுக்கு ஒன்று அடி டைல்ஸ் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ரசமட்டம், நூல், ரப்பர் சுத்தி, வளையாத ஒரு மட்டக்கட்டை இருந்தால் போதும், தரை கண்ணாடி மாதிரி வந்துவிடும். இரண்டுக்கு இரண்டு வந்தபோதுகூடப் பெரிய கஷ்டம் இல்லை. இரண்டுக்கு நாலு, அதாவது 600க்கு 1200 மி.மீ. கல் எல்லா வீட்டுக்கும் வர ஆரம்பித்த பிறகுதான் நிலைமை மாறியது. ஒரு கல் 15 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும், ஒரு மூலையைத் தட்டினால் எதிர் மூலை எழும்பும், சூளையில் வெந்து வரும்போதே நீளவாக்கில் லேசாக வளைந்தும் இருக்கும். அதற்கு மேல் பளபளப்பு. சாயங்காலம் 4 மணி வெயில் ஜன்னல் வழியாகத் தரையோடு சாய்ந்து விழும்போது ஒரு மி.மீ. ஏற்ற இறக்கம்கூடக் கோடு போட்ட மாதிரி நிழல் காட்டும். பகலில் வந்து பார்த்து "அருமை தம்பி" என்று சொல்லிவிட்டுப் போன வீட்டுக்கார அம்மா, சாயங்காலம் போன் செய்து "தம்பி, ஹால்ல நடந்தா கால்ல தட்டுதுப்பா" என்று சொன்னால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது.

அதனால்தான் லெவலிங் கிளிப். கடந்த சில வருஷங்களில் மூன்று வகையைச் சொந்தக் காசு போட்டு வாங்கி, குடியிருக்கும் வீடுகளில் ஒட்டிப் பார்த்துவிட்டேன், நான்காவது வகையைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி ஒரு அறைக்கு மட்டும் பயன்படுத்தினேன். எது எதற்குச் சரிப்படும், எதில் பணம் வீண் என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டதால் மொத்தமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் புரிந்துகொள்ளாமல் எந்த வகையை வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை. பெயரில்தான் லெவலிங் இருக்கிறது, கிளிப் தரையை மட்டமாக்காது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கல்லின் விளிம்பையும் ஒரே உயரத்துக்கு இழுத்துப் பிடித்து, கல்லை ஒட்டும் பசையான அட்ஹெசிவ் இறுகும்வரை நகரவிடாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அடித்தளம் பள்ளமாக இருந்தால் கல்லும் சேர்ந்து பள்ளமாகத்தான் போகும், விளிம்பு மட்டும் அழகாகச் சேர்ந்திருக்கும். அமெரிக்காவில் டைல்ஸ் வேலைக்கு ஆன்சி ஏ108 என்று ஒரு தர விதி வைத்திருக்கிறார்கள். 15 அங்குலமும் அதற்கு மேலும் நீளமுள்ள கல் போடும் தரை, 10 அடிக்கு 1/8 அங்குலத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்பது அதில் உள்ள அளவு. நம் கணக்கில் 3 மீட்டருக்கு 3 மி.மீ. நம் ஊர் காங்கிரீட் தரையில் மட்டக்கட்டையை வைத்துப் பாருங்கள், 10 மி.மீ., 15 மி.மீ. சாதாரணமாக ஏறி இறங்கும். அதைச் சிமெண்ட் பூச்சு போட்டுச் சரிசெய்து, காயவிட்டு, அப்புறம்தான் அட்ஹெசிவும் கிளிப்பும்.

இதை நானும் ஒரு வீட்டில் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். திருநகரில் ஒரு மாடி வீடு, வேலை அவசரம், கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். தரையில் ஒரு மூலை 6 மி.மீ. இறங்கியிருந்தது. கிளிப் இருக்கிறதே, இழுத்துவிடும் என்று நினைத்து அட்ஹெசிவை ஒரே கனத்தில் இழுத்து கல்லை வைத்து ஆப்பை இறுக்கினேன். விளிம்பு சேர்ந்தது. மேலே இருந்து பார்த்தால் அற்புதம். ஒரு வாரம் கழித்து கட்டையால் தட்டிப் பார்த்தால் அந்த மூலை முழுக்க டொப் டொப் என்று சத்தம். தாழ்ந்திருந்த கல்லைக் கிளிப் மேலே தூக்கிவிட்டது, அடியில் அட்ஹெசிவ் அங்கேயே நின்றுவிட்டது, நடுவில் வெற்றிடம். 11 கல்லை உடைத்து எடுத்து என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். பீரோவின் கால் அந்த இடத்தில் வந்திருந்தால் வீட்டுக்காரர் குடியேறிய பிறகு விரிசல் விட்டிருக்கும். அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு: கிளிப் போடுவதற்கு முன்பே, கையால் அழுத்தித் தட்டியே, இரண்டு கல்லுக்கும் வித்தியாசம் ஒன்றரை மி.மீ.க்குள் வந்துவிட வேண்டும். அதற்கு மேல் இருந்தால் கல்லைத் தூக்கி, அடியில் கலவை சேர்த்து மறுபடி வைக்க வேண்டும். கடைசி ஒன்றரை மி.மீ. மட்டும்தான் கிளிப்பின் வேலை.

சரி, வகைகளுக்கு வருவோம்.

கடையில் அதிகம் கிடைப்பது ஆப்பு வகை. இத்தாலியின் ரைமொண்டி, ஸ்பெயின் நாட்டு பெய்கிரான் போன்ற கம்பெனிகள் செய்வதும் இதே தத்துவம்தான், நம் கடைகளில் பெயரே இல்லாத பாக்கெட்டில் வருவதும் இதே தத்துவம்தான். அடியில் தட்டையான பாதம், அதிலிருந்து மெல்லிய கால் மேலே எழும்பும், மேலே ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை. பாதம் கல்லுக்கு அடியில் போகும், கால் இரண்டு கல்லுக்கும் நடுவிலுள்ள சந்தான ஜாயிண்டில் நிற்கும், ஓட்டையில் ஆப்பைச் செருகி குறடால் அழுத்தினால் ஆப்பு கல்லின் முகத்தை அழுத்தும், பாதம் அடியிலிருந்து இழுக்கும். மறுநாள் ஜாயிண்ட் போகும் திசையிலேயே ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு, கால் அடியில் முறிந்து மேல்பாகம் வந்துவிடும். ஆப்பைத் திரும்பப் பயன்படுத்தலாம், கிளிப் ஒரு தடவைதான்.

இதில் எல்லாம் அந்தக் கால் எங்கே முறிகிறது என்பதில் இருக்கிறது. நல்ல கிளிப்பில் பாதத்தை ஒட்டிக் காலின் அடியில் கழுத்து மாதிரி மெலிந்த இடம் இருக்கும், முறிவு அங்கேதான் வரும், அதாவது கல்லின் மட்டத்துக்கு நன்றாகக் கீழே. மோசமான கிளிப் எங்கே வேண்டுமானாலும் முறியும். இணையத்தில் வாங்கிய ஒரு மலிவு பாக்கெட்டில் பத்தில் ஒன்று கல்லின் மேல்மட்டத்திலேயே முறிந்து ஜாயிண்டுக்குள் மொட்டையாக நின்றது. ஒவ்வொன்றையும் கத்தி வைத்துக் கிண்டி எடுக்க இரண்டு ஆளுக்கு ஒரு நாள் போயிற்று. கிண்டும்போது இரண்டு இடத்தில் கல்லின் விளிம்பில் சில்லு தெறித்தது வேறு. கிளிப்பில் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய், போனது இரண்டு ஆள் சம்பளம். அதற்குப் பிறகு எந்தக் கடையில் வாங்கினாலும் முதலில் ஒரே ஒரு பாக்கெட்தான். வேண்டாத இரண்டு கல்லை எடுத்து, கடைக்காரர் முன்னாலேயே ஐந்து கிளிப்பை மாட்டி, ஆப்பை எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கிப் பார்ப்பேன். இறுக்கும்போதே கால் வெள்ளை பூத்தாலோ முறிந்தாலோ அந்தப் பாக்கெட் வேண்டாம். அப்புறம் கையால் பக்கவாட்டில் தட்டி, முறிந்த இடத்தைப் பார்ப்பேன். ஐந்தும் ஒரே இடத்தில் முறிந்தால் வாங்கலாம். கடைக்காரர்கள் யாரும் இதுவரை கோபித்துக்கொண்டதில்லை.

பாதத்தையும் திருப்பிப் பாருங்கள். ஓட்டையோ வரிப்பள்ளமோ இருந்தால் அட்ஹெசிவ் அதற்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும், பாதத்துக்கு மேலேயும் கீழேயும் கலவை இருக்கும். வழவழப்பாக ஒரு பிளாஸ்டிக் சதுரமாக இருந்தால் அந்த இடத்தில் கல்லுக்கும் தரைக்கும் பிடிப்பு இல்லை என்றுதான் அர்த்தம். ஒரு கல்லுக்கு ஏழெட்டுப் பாதம் அடியிலேயே நிரந்தரமாகத் தங்கப் போகிறது, அதை மறக்கக் கூடாது. பாதத்துக்கு அடியில் கலவை இல்லாமல் வெறும் தரையில் உட்கார்ந்தாலும் தப்பு. கிளிப்பைச் செருகும்போது பல் கரண்டியால் இழுத்த வரிகளுக்குள் அழுத்தி வைக்க வேண்டும்.

கால் கனம் 1, 1.5, 2, 3 மி.மீ. என்று வரும். இதுதான் உங்கள் ஜாயிண்டின் குறைந்தபட்ச அளவு. "ஜாயிண்டே தெரியக் கூடாது, பேப்பர் ஜாயிண்ட் வேண்டும்" என்று கேட்கும் வீடுகளில் கிளிப் போட முடியாது, ஒட்டி ஒட்டிப் போட்டால் எப்படியும் கல்லுக்கு நல்லதில்லை, நான் அந்த வேலையை எடுப்பதே இல்லை. 2 மி.மீ. வாங்குங்கள் என்பேன். 1 மி.மீ. கால் மெல்லியதாக இருப்பதால் இறுக்கும்போதே சீக்கிரம் முறிகிறது, ஜாயிண்டை அடைக்கும் கிரவுட்டும் அவ்வளவு சின்னச் சந்துக்குள் ஒழுங்காக இறங்குவதில்லை. இன்னொன்று, கிளிப் கால் இருக்கிறதே என்று ஜாயிண்ட் அகலத்தைச் சீராக வைக்கும் ஸ்பேசரை விட்டுவிடாதீர்கள். கால் லேசாக வளையும், சாயும். நாலு கல் தாண்டியதும் கோடு ஓடிவிடும். ஸ்பேசரும் நூலும் கோட்டுக்கு, கிளிப் உயரத்துக்கு. இரண்டும் வேறு வேறு வேலை.

குறடு கட்டாயம் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டும். கையால் தள்ளினால் ஒன்று தளர்வாக இருக்கும், அடுத்தது முறியும், கட்டைவிரல் மதியத்துக்குள் வீங்கிவிடும். குறட்டில் ஒரு திருகு இருக்கும், எவ்வளவு அழுத்தத்தில் நிற்க வேண்டும் என்று அதை வைத்து அமைத்துக்கொள்ளலாம். காலையில் முதல் நாலு கிளிப்பில் அமைத்துவிட்டால் சாயங்காலம் வரை எல்லாம் ஒரே இறுக்கம். பிளாஸ்டிக் குறடு இரண்டு வீட்டுக்கு மேல் தாங்கவில்லை, இரும்புக் குறடு நாலாவது வருஷம் ஓடுகிறது.

திருகு வகைக்கு வருகிறேன். இதில் கிளிப்புக்குப் பதிலாக மரை போட்ட தண்டு, அதன் மேல் குடை மாதிரி ஒரு மூடி.  குறடு தேவையில்லை, கையால் திருகினால் போதும். எனக்கு இதில் பிடித்தது, இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது. ஆப்பு ஒரே அழுத்தில் போய்விடும், திருகில் கால் சுற்று, அரைச் சுற்று என்று பார்த்துப் பார்த்து நிறுத்தலாம். புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன்களிடம் கொடுத்தால் திருகு வகையில் சேதம் குறைவு. வீட்டுக்காரரே தன் வீட்டுப் பாத்ரூம் சுவருக்கு ஒட்டப் போகிறார் என்றாலும் இதையே சொல்வேன், சின்ன வேலைக்கு வேகம் முக்கியமில்லை.

குறை என்னவென்றால், நேரம். ஒரு ஹாலுக்கு 600, 700 மூடி திருக வேண்டும், மணிக்கட்டு போய்விடும். அடுத்தது, மூடி சுற்றும்போது கல்லின் முகத்தில் உரசும். அடியில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் பளபளப்பான கல்லில் வட்டமாகக் கீறல் விழும், அது போகவே போகாது. சுற்றாமல் நிற்கும் வாஷர் தட்டு மூடியோடு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள், வரவில்லை என்றால் அந்தக் கம்பெனியை விட்டுவிடுங்கள். ஆப்பு வகைக்கும் கீறல் ஆபத்து உண்டு, ஆப்பும் இழுத்துக்கொண்டுதான் போகும், ஆனால் அதற்கு அடியில் வைக்க மெல்லிய பிளாஸ்டிக் தகடு தனியாக விற்கிறது, கறுப்பு கிளாஸி கல்லுக்கு நான் அதை வைக்காமல் தொடுவதில்லை. அப்புறம் திருகு மரைக்குள் அட்ஹெசிவ் காய்ந்தால் மூடி செத்தது. தினமும் சாயங்காலம் எல்லா மூடியையும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டு மறுநாள் காலை பிரஷ் போட்டுத் தேய்க்க ஒரு ஆளை நிறுத்த வேண்டும்.

மூன்றாவது ஊசி வகை. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது இதுதான், "வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்" என்று எழுதியிருப்பார்கள். பிளாஸ்டிக் தலை, அதன் நடுவில் டி வடிவ இரும்பு ஊசி. ஊசியை ஜாயிண்டுக்குள் விட்டு 90 டிகிரி திருப்பினால் அதன் டி முனை இரண்டு கல்லின் அடியிலும் மாட்டிக்கொள்ளும், தலையைத் திருகினால் இறுகும். வேலை முடிந்ததும் திருப்பி உருவிவிடலாம், அடியில் பிளாஸ்டிக் எதுவும் தங்காது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, நானும் ஆசைப்பட்டு 200 வாங்கினேன்.

ஆனால் எப்போது உருவுவது? அதில்தான் சிக்கல். சீக்கிரம் உருவினால் கல் மறுபடி தளர்ந்து பழைய இடத்துக்குப் போகிறது. அட்ஹெசிவ் இறுகிய பிறகு என்றால் டி முனை உள்ளே மாட்டிக்கொண்டு திரும்ப மாட்டேன் என்கிறது, பலமாகத் திருப்பினால் ஊசி முறுக்கிக்கொள்கிறது அல்லது கல்லின் அடிவிளிம்பைப் பெயர்க்கிறது. நடுவில் ஒரு மூன்று நான்கு மணி நேர இடைவெளி இருக்கிறது, அதை வெயிலையும் அட்ஹெசிவையும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு நேரம், ஐப்பசி மழையில் ஒரு நேரம். ஒரு அறைக்கு ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய், வர நேரமாகி, 40 ஊசியை அப்படியே ஜாயிண்டோடு கட்டர் வைத்து அறுத்தோம். டி முனை மிகச் சின்னது, அதனால் அது பிடிக்கும் பரப்பும் கம்மி. சுவருக்கும் சின்னக் கல்லுக்கும் சமாளிக்கலாம். இரண்டுக்கு நாலு கல்லுக்கு இதை வாங்காதீர்கள், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற ஒரு வரியை நம்பி வாங்கினால் நஷ்டம்தான்.

இரவல் வாங்கியது பட்டை வகை, கேபிள் டை மாதிரி பல் வைத்த பட்டை மேலே வரும், அதில் தொப்பி மாட்டித் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் இழுக்க வேண்டும். நன்றாகத்தான் பிடிக்கிறது. ஆனால் அந்தக் கருவியில்லாமல் எதுவும் நடக்காது, பட்டையும் நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பதில்லை. பாதி வேலையில் தீர்ந்துவிட்டால் கூரியருக்குக் காத்திருக்க வேண்டும்.

இப்போது கிரானைட், மார்பிள் மாதிரி இயற்கைக் கல் விஷயம். டைல்ஸுக்கு எழுதிய எதையும் அப்படியே கிரானைட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். டைல்ஸ் 9 மி.மீ. கனம், எல்லாக் கல்லும் ஒரே கனம். கிரானைட் 16 முதல் 20 மி.மீ. வரை இருக்கும், ஒரே லோடில் வந்த பலகைகளிலேயே 2 மி.மீ. வித்தியாசம் இருக்கும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆப்புக் கிளிப் 3 முதல் 12 மி.மீ. கனம் வரைதான். கிரானைட்டுக்குக் கேட்டால் 12 முதல் 20 மி.மீ. வரைக்கான உயரக் கிளிப் தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது தண்டு நீளமான திருகு வகை. கல்லின் கனம் மாறுவதால் இங்கே திருகு வகையே எனக்குத் தோதாகப் படுகிறது. அதுவும் அட்ஹெசிவில் போடும்போது மட்டும். கோட்டா கல், கடப்பா கல் இரண்டுக்கும் கிளிப்பே வேண்டாம். விளிம்பு நேராக இருக்காது, முகமே மேடும் பள்ளமுமாக இருக்கும், எதை எதோடு சேர்ப்பது? அங்கே போட்டு முடித்த பிறகு மெஷின் பாலிஷ் அடிப்பதுதான் மட்டம். மார்பிள் மெத்தென்ற கல், கிளிப்பைத் தட்டி முறிக்கும்போது விளிம்பு உதிரும், ரப்பர் சுத்திகூட வேண்டாம், கையால் முன்னும் பின்னும் ஆட்டி முறிக்கச் சொல்வேன்.

சிமெண்ட் கலவையில் போடுகிறவர்கள் கிளிப் வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஒன்றரை அங்குலம் கலவை கொட்டி, மேலே சிமெண்ட் பால் ஊற்றி, கல்லை வைத்துத் தட்டுகிற முறையில் கல் உட்கார்வதே தட்டுவதால்தான். அங்கே கிளிப்பை மாட்டி இழுத்தால் கல் கலவையை விட்டு மேலே வரும். விட்ரிஃபைடு கல் தண்ணீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் குறைவு, சிமெண்ட் பால் அதைப் பிடிப்பதே கஷ்டம், அதில் தூக்கியும் விட்டால் மொத்தமும் அடியில் வெற்றிடம்தான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அண்ணன் கிளிப்பைப் பார்த்துவிட்டு, "நான் 40 வருஷமா கையால தட்டித்தான்டா போடுறேன், எங்க கால் தட்டுது காட்டு" என்றார். காட்ட முடியவில்லை. அவர் போட்ட தரை அப்படி. ஆனால் அவர் போட்டது இரண்டுக்கு இரண்டு, அவர் கை அவருடைய கை. "பெரிய கல்லுக்கு அட்ஹெசிவுக்கு மாறிட்டோம்ணே, அது இறுகுற வரைக்கும் பிடிச்சுக்க ஆள் வேணும்ல" என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப சரி" என்றார்.

அட்ஹெசிவ் பற்றி ஒரு வார்த்தை. ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரம் வகை 1 முதல் 5 வரை பிரித்திருக்கிறது, மூட்டையில் அச்சடித்திருப்பார்கள். இரண்டுக்கு நாலு விட்ரிஃபைடுக்கு வகை 1 வேண்டாம், குறைந்தது வகை 2. கல்லின் முதுகிலும் ஒரு பூச்சு பூச வேண்டும், பல் கரண்டி வரிகளை வட்டம் வட்டமாக இழுக்காமல் நேராக இழுக்க வேண்டும், அப்போதுதான் அழுத்தும்போது காற்று வெளியே போகும். நம் வெயிலில் அட்ஹெசிவ் மேல் சீக்கிரம் ஆடை படிந்துவிடும், ஆகவே ஒரு நேரத்தில் இரண்டு கல்லுக்கு மட்டும் இழுத்து, கல்லை வைத்து, கிளிப்பையும் அப்போதே இறுக்கிவிட வேண்டும். பத்துக் கல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து இறுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதற்குள் முதல் கல் இறுக ஆரம்பித்திருக்கும், அப்போது இழுப்பது பிடிப்பைப் பிய்ப்பதுதான்.

பாத்ரூம் தரையில் கவனம். வாட்டம் தண்ணீர் இறங்கும் துவாரமான நாணி ட்ராப்பை நோக்கி இறங்கும், நாலு பக்கமிருந்தும் இறங்கும்போது மடிப்புக் கோடு வரும். அந்த மடிப்பில் கிளிப் போட்டால் அது வாட்டத்தை நேராக்கிவிடும், தண்ணீர் தேங்கும். ஒரே சாய்வில் இருக்கும் கல்லுக்குள் போடலாம், மடிப்பைத் தாண்டி வேண்டாம். போர்ட்டிகோ, பால்கனிக்கும் இதேதான்.

மரம் மாதிரி டிசைன் வரும் நீளப் பலகை டைல்ஸ், 200க்கு 1200, இதில் கிளிப்பை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். நீளத்தில் நடுப்பகுதி உயர்ந்து இரண்டு முனையும் தாழ்ந்திருக்கும். செங்கல் கட்டு மாதிரி பாதிக்குப் பாதி மாற்றி வைத்தால், ஒரு பலகையின் உயர்ந்த நடுவும் பக்கத்துப் பலகையின் தாழ்ந்த முனையும் ஒட்டி வரும். கிளிப் அதை வலுக்கட்டாயமாக அமுக்கும், கிளிப்பை முறித்ததும் கல் தன் வளைவுக்குத் திரும்பப் பார்க்கும், அந்த இழுவையில் முனை பிடிப்பு விடும். நான் சொன்ன அமெரிக்க விதியிலும் 15 அங்குலத்துக்கு மேற்பட்ட கல்லை 33 சதவீதத்துக்கு மேல் தள்ளி வைக்கக் கூடாது என்றே இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். டிசைனர் பாதிக்குப் பாதிதான் வேண்டும் என்றால், இரண்டு பலகையை முகத்தோடு முகம் வைத்து நடுவில் வரும் இடைவெளியை வீட்டுக்காரருக்கே காட்டிவிடுங்கள்.

எத்தனை வாங்குவது? இரண்டுக்கு நாலு கல் ஒன்று 7.75 சதுர அடி, 1000 சதுர அடிக்கு ஏறக்குறைய 130 கல். மூலையிலிருந்து 2 அங்குலம் தள்ளி முதல் கிளிப், அப்புறம் அடிக்கு ஒன்று என்று வைத்தால் நீளப் பக்கம் 4, அகலப் பக்கம் 2 அல்லது 3. பக்கத்துக் கல்லோடு பங்கு போடுவதால் ஒரு கல்லுக்கு ஒரு நீளம், ஒரு அகலம்தான் கணக்கு, ஆக 6 அல்லது 7. மொத்தம் 800 முதல் 900. இரண்டுக்கு இரண்டு கல் என்றால் கல்லுக்கு 4, ஆனால் கல் எண்ணிக்கை இரட்டிப்பு, 1000 தாண்டும். முறிவதற்கு நூற்றுக்கு 5 சேர்த்து வாங்குங்கள். ஆப்பு மட்டும் 300 இருந்தால் போதும், முந்தின நாள் போட்டதை எடுத்து மறுநாள் போடலாம். இணையத்தில் 100 கிளிப், 50 ஆப்பு, ஒரு குறடு என்று வரும் பெட்டி ஒரு பாத்ரூம் சுவருக்குத்தான் காணும்.

முறிப்பதை அவசரப்படாதீர்கள். 24 மணி நேரம், மழைக்காலத்தில் இன்னும் ஒரு அரை நாள். அதற்கு முன் வேறொரு வேலை இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது: ஒட்டிய அன்றே, ஜாயிண்டில் பிதுங்கி ஏறிய அட்ஹெசிவைச் சின்னக் கத்தியால் வழித்து ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். விட்டால் அது கிளிப்பின் காலைச் சுற்றிக் கெட்டியாகிவிடும், அப்புறம் எவ்வளவு நல்ல கிளிப்பானாலும் அடியில் முறியாது. தட்டும்போது ஜாயிண்ட் போகும் திசையில் மட்டும். குறுக்கே உதைத்தால் கால் பாதியில் முறியும், கல்லின் விளிம்பும் போகும். எங்கள் ஆட்களில் ஒரு பையன் ஷூ காலால் வரிசையாக உதைத்துக்கொண்டே போனான், வேகமாகத்தான் முடிந்தது, மூன்று கல்லை மாற்றினோம். முறிந்த மேல்பாகங்களைச் சாக்கில் அள்ளிப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், ஒரு வீட்டுக்கு ஒரு சாக்கு சேரும், அதை வீட்டுக்காரரின் தோட்டத்தில் கொட்டிவிட்டுப் போவதைப் பார்க்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அடுத்த வாரம் திருமங்கலத்தில் ஒரு வீடு, 800க்கு 1600 கல், 1100 சதுர அடி, 80 கல். கல்லுக்கு 9 வீதம் கணக்குப் போட்டு 2 மி.மீ. ஆப்புக் கிளிப் 800 சொல்லியிருக்கிறேன், ஆப்பு கையில் இருக்கிறது. வாசற்படிக்கும் மாடிப்படிக்கும் 18 மி.மீ. கிரானைட், அதற்குத் திருகு. நேற்று மட்டக்கட்டையை வைத்துத் தரையைப் பார்த்தேன், ஹால் நடுவில் 8 மி.மீ. பள்ளம். பூச்சு போட்டுவிட்டு வந்திருக்கிறேன், அது காய்ந்த பிறகுதான் கல்லை இறக்கச் சொல்லியிருக்கிறேன்.